ஏசிஎல் ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம், காத்திருப்பு 9 மாதம்: முழங்கால் உண்மையில் எப்போது தயாராகிறது?

2024 ஆகஸ்ட் 4. பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் பேட்மிண்டன் அரையிறுதி. ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரின் முதல் கேமை 21-14 என்று எளிதாக வென்றிருந்தார். இரண்டாவது கேமிலும் அவர்தான் முன்னிலை. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் நம்ம பி.வி. சிந்துவை வீழ்த்தித் தங்கம் வென்ற அதே மரின்.

ஒரு ஷாட்டுக்காகக் கால் ஊன்றியபோது வலது முழங்கால் மடங்கியது. முட்டிக்குப் பட்டை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஆட முயன்றார். முடியவில்லை. கோர்ட்டிலேயே மண்டியிட்டு அழுதார். எதிரில் ஆடிய சீன வீராங்கனை ஹே பிங்ஜியாவ், பிறகு வெள்ளிப் பதக்கம் வாங்கும்போது ஸ்பெயின் அணியின் சின்னத்தைக் கையில் பிடித்தபடி மேடையில் நின்றார்.

மரினுக்கு இது முதல் முறை அல்ல. 2019 ஜனவரியில் சாய்னா நேவாலுக்கு எதிரான இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதிப் போட்டியில் வலது முழங்காலின் ஏசிஎல் கிழிந்தது. 2021ல் இடது முழங்கால். 2024ல் மறுபடியும் வலது. உலகத்தரம் வாய்ந்த மருத்துவர்கள், தனி பிசியோ, முழுநேரப் பயிற்சி என எல்லாம் இருந்த ஒருவருக்கே மூன்று முறை.

அப்படியானால் இந்த ஆபரேஷன் முழங்காலைச் சரி செய்கிறதா இல்லையா? பைக்கில் இருந்து விழுந்தோ கபடி ஆடும்போதோ ஜவ்வு கிழிந்து, ஆபரேஷனும் முடிந்து வீட்டில் இருப்பவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். "ஆபரேஷன் சக்சஸ்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா படி இறங்கவே பயமா இருக்கே, ஏன்?"

ஆபரேஷன் வெற்றி என்பதும் முழங்கால் வேலை செய்வதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். முதலாவது ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டாவது பெரும்பாலும் 9 மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் போகும். நடுவில் இருக்கும் மாதங்களில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பலருடைய சிக்கல்.

'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்றால் எது கிழிந்தது?

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இரண்டு நார்கள் குறுக்கும் நெடுக்குமாக, பெருக்கல் குறி போல இணைக்கின்றன. அதில் முன்பக்கம் இருப்பதுதான் ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது, உடம்பைத் திருப்பும்போது முட்டி சுழன்று விடாமல் காப்பது, இந்த இரண்டும்தான் அதன் முக்கிய வேலை. நேராக நடப்பதற்கு இது பெரிதாகத் தேவைப்படாது. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும்தான் இதன் அருமை தெரியும். அதனால்தான் பெரும்பாலான ஏசிஎல் கிழிசல்கள் யாரும் இடிக்காமலேயே நடக்கின்றன. மரினுக்கும் அப்படித்தான், எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

நம்ம ஊர் பேச்சில் ஏசிஎல்லையும் ஜவ்வு என்கிறார்கள், மெனிஸ்கஸ் என்ற மெத்தை போன்ற பகுதியையும் ஜவ்வு என்கிறார்கள். இரண்டும் வேறு. மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் சவ்வு. பல நேரம் இரண்டும் சேர்ந்தே கிழியும். குணமாகும் காலமும் கட்டுப்பாடுகளும் இதைப் பொறுத்து மாறும் என்பதால், எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எது எது கிழிந்திருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். பக்கத்து வீட்டுக்காரர் 'எனக்கு மூணே மாசத்துல சரியாயிடுச்சு' என்று சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. அடிபட்ட உடனே முட்டி பலூன் மாதிரி வீங்கும். கட்டு போட்டு ஓய்வெடுத்தால் சில வாரங்களில் வீக்கம் வடிந்து, வலியும் குறைந்து, நடக்கவும் முடியும். 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதோ வரப்பில் நடக்கும்போதோ முட்டி கழன்று போவது போல இருக்கும். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு கிழிந்த ஏசிஎல்லை ஒட்டவைக்காது. முழுதாக அறுந்த ஏசிஎல் பெரும்பாலும் தானாக ஒழுங்காகச் சேர்வதில்லை, மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் ரத்தம் உறைந்து நிற்காததால் அறுந்த முனைகளை இணைக்கும் பாலம் உருவாவதில்லை.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பெயரே சொல்கிறது, இது மறுசீரமைப்பு. கிழிந்ததைத் தைப்பதில்லை. அந்த இடத்தில் வேறொரு நாரை வைக்கிறார்கள். பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் இருந்தே எடுப்பார்கள். தொடையின் பின்பக்கத் தசைநார், முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார், தொடையின் முன்பக்கத் தசைநார் ஆகிய மூன்றில் ஒன்று. துளை வழியாகக் கேமராவைச் செலுத்தி, எலும்பில் சுரங்கம் போல ஓட்டை போட்டு, அந்த நாரை நுழைத்து ஸ்க்ரூ அல்லது பட்டன் வைத்துப் பொருத்துவார்கள்.

எங்கிருந்து நார் எடுத்தார்கள் என்பது பிற்பாடு தெரியும். முட்டிச் சில்லுக்குக் கீழே இருந்து எடுத்தவர்களில் பலருக்கு மண்டியிட்டால் முன்பக்கம் வலிக்கும். டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர், தொழுகைக்கோ ஜெபத்துக்கோ தினமும் மண்டியிடுபவர் இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பின்தொடையில் இருந்து எடுத்தால் முட்டியை முழுதாக மடக்கும் பலம் கொஞ்ச காலத்துக்குக் குறையும். எதுவும் இலவசம் இல்லை.

வலி போகும் நேரம்தான் ஆபத்தான நேரம்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். புதிதாக வைத்த நார் முதல் நாளில் ஓரளவு பலமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு முதலில் அதன் பழைய செல்களை இழக்கிறது, பிறகு புதிய ரத்தக்குழாய்களை அனுப்புகிறது, பிறகு மெல்ல மெல்ல அதை ஏசிஎல் போன்ற ஒன்றாக மாற்றுகிறது. இந்த மாற்றம் முழுமையாக ஒன்று முதல் இரண்டு வருடங்கள் வரை நடக்கும். நடுவில், ஏறக்குறைய 6 வாரத்தில் இருந்து 12 வாரம் வரை, அந்த நார் வைத்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும்.

அதே நேரத்தில்தான் வீக்கம் வடிந்திருக்கும். ஊன்றுகோலை விட்டிருப்பார்கள். வலி இருக்காது. 'நல்லாத்தானே இருக்கு, ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாமே' என்று தோன்றும். அதாவது முட்டி நன்றாக இருப்பது போலத் தெரியும் நேரமும், உள்ளே நார் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. வலியை வைத்து முழங்காலை எடை போடக்கூடாது என்று பிசியோதெரபிஸ்டுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

'தொடை சும்மா கிடக்கு'

ஆபரேஷன் ஆன சில நாட்களில் நோயாளிகள் திகைக்கும் ஒரு விஷயம் உண்டு. தொடையை இறுக்கச் சொன்னால் இறுக்க முடியாது. மூளை சொல்கிறது, தசை கேட்பதில்லை. மூட்டுக்குள் வீக்கமும் காயமும் இருக்கும்போது, நரம்பு மண்டலம் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைத் தானாகவே குறைத்துவிடும். ஒரு வகைப் பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் இந்த 'ஆஃப்' நிலை நீண்டுகொண்டே போனால் தசை கரைய ஆரம்பிக்கும். ஒரு தொடை பருத்தும் இன்னொன்று மெலிந்தும் இருப்பதைப் பேன்ட் போடும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

முழங்காலின் செயல்பாட்டில் பெரும் பங்கு இந்த முன்தொடைத் தசைக்குத்தான். படி ஏறுவதைவிட இறங்குவது ஏன் கஷ்டம்? இறங்கும்போது மொத்த எடையையும் பின்னால் இருக்கும் காலின் முன்தொடைதான் மெல்ல மெல்லத் தாங்கி இறக்குகிறது. அது பலவீனமாக இருந்தால் கால் 'தொபுக்கடீர்' என்று விழும். நார் உறுதியாக இருந்தும் படி இறங்கப் பயப்படுகிறவருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. பின்தொடையில் இருந்து நார் எடுத்தவருக்குக்கூட முன்தொடை பலவீனம் மாதக்கணக்கில் நீடிக்கும்.

முதல் இரண்டு வாரத்தின் தலையாய வேலை முட்டியை மடக்குவது அல்ல, முழுதாக நீட்டுவது. நம்ம வீடுகளில் அக்கறையோடு செய்யும் ஒரு தவறு இங்கே உண்டு. படுத்திருப்பவரின் முட்டிக்குக் கீழே தலையணை வைப்பார்கள். சுகமாக இருக்கும். ஆனால் முட்டி கொஞ்சம் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். கடைசிச் சில டிகிரி நீளாமல் போனால் நடையே மாறி, நொண்டல் நிரந்தரமாகலாம். தலையணையைக் குதிகாலுக்குக் கீழேதான் வைக்க வேண்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்து முட்டி சிவந்து சூடானாலோ பிசியோவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ரத்தக்கட்டு, தொற்று ஆகிய இரண்டும் அபூர்வம்தான், ஆனால் தாமதிக்கக் கூடாதவை.

9 மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் 6 மாதத்தில் மைதானத்துக்குத் திரும்புவதுதான் வழக்கமாக இருந்தது. அதை அசைத்த ஆய்வுகளில் முக்கியமானது, அமெரிக்காவின் டெலவேர், நார்வேயின் ஆஸ்லோ என இரண்டு இடங்களிலும் நோயாளிகளைப் பின்தொடர்ந்த குழுவினர் 2016ல் வெளியிட்டது. ஆபரேஷன் செய்துகொண்ட 106 பேரை 2 வருடம் கவனித்தார்கள். விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்காலில் அடிபடும் வாய்ப்பு 51 சதவீதம் குறைந்தது. இது 9வது மாதம் வரை. அதற்குப் பிறகு தள்ளிப்போட்டதில் கூடுதல் பலன் தெரியவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. அது இதைவிட முக்கியம், ஆனால் செய்திகளில் அதிகம் பேசப்படுவதில்லை. குறிப்பிட்ட பரிசோதனைகளில் தேறிய பிறகு திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி காயம் ஏற்பட்டது. தேறாமலேயே திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு.

பரிசோதனை என்றால் பெரிய மெஷின் சமாச்சாரம் மட்டும் இல்லை. இரண்டு தொடைகளின் பலத்தையும் அளந்து ஒப்பிடுவது ஒன்று. மற்றது, நம்ம ஊர் பிள்ளைகள் தெருவில் ஆடும் நொண்டிதான். ஒற்றைக் காலில் ஒரே தாவலில் எவ்வளவு தூரம், தொடர்ந்து மூன்று தாவலில் எவ்வளவு தூரம், கோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தாவினால் எவ்வளவு தூரம், 6 மீட்டரை நொண்டிக் கடக்க எத்தனை நொடி என்று அளப்பார்கள். ஆபரேஷன் ஆன கால், மற்ற காலின் அளவில் குறைந்தது 90 சதவீதத்தை எட்ட வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மாதக்கணக்கில் ஓய்வில் இருந்ததால் நல்ல காலும்தானே பலவீனமாகியிருக்கும்? பலவீனமான காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் எடுத்தால் அது என்ன பாஸ்? 2017ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலின் பலத்தை அளந்து வைத்துக்கொண்டு, அந்த அளவோடு ஒப்பிட்டால் தேறியவர்களில் பலர் தேறவில்லை.

106 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் திசை ஒன்றாகவே இருக்கிறது. ஸ்வீடனில் 15 முதல் 30 வயது வரையிலான விளையாட்டு வீரர்களைக் கவனித்த ஆய்வு 2020ல் வந்தது. 9 மாதத்துக்கு முன்பே திரும்பியவர்களுக்குப் புதிதாக ஏசிஎல் கிழியும் விகிதம் சுமார் 7 மடங்கு. அதிகம் பாதிக்கப்படுவது இளைஞர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணக்கின்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அதே காலிலோ மற்ற காலிலோ இரண்டாவது முறை ஏசிஎல் கிழிகிறது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாட்டுக்குத் திரும்பினால் அது சுமார் 23 சதவீதம், கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

நட்சத்திரங்களின் கணக்கு ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரிக்கு 2024 செப்டம்பர் 22ல் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ஏசிஎல் கிழிந்தது. அடுத்த மாதம் பாலன் தோர் விருதை வாங்க ஊன்றுகோலோடு மேடை ஏறினார். 2025 மே 20ல், 8 மாதம் முடியும் தறுவாயில், மாற்று ஆட்டக்காரராகக் களம் இறங்கினார். அதன் பிறகும் தொடர்ச்சியாக ஆட முடியாமல் தசைக் காயங்கள் படுத்தின.

நெய்மர் எதிர்த் திசை. 2023 அக்டோபர் 17ல் உருகுவேக்கு எதிராக இடது முழங்காலில் காயம். ஏசிஎல்லும் போனது, மெனிஸ்கஸும் போனது. ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்து 2024 அக்டோபர் 21ல் திரும்பினார். இரண்டே வாரத்தில் பின்தொடைத் தசையில் காயம். முழங்கால் தாங்கியது, ஆனால் ஒரு வருடம் ஆட்டத்தில் இல்லாத உடம்பின் மற்ற பகுதிகள் தாங்கவில்லை. அடுத்த ஜனவரியில் அல் ஹிலால் கிளப்புடனான அவருடைய ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. காலண்டரை மட்டும் பார்த்தால் நெய்மர் செய்தது சரி. மைதானத்தில் அது போதவில்லை.

வினேஷ் போகத்தின் கதையை இந்தியாவில் பலரும் 100 கிராம் எடைக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன், 2023 ஆகஸ்ட் 13ல் பயிற்சியின்போது அவருடைய இடது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது. 17ஆம் தேதி மும்பையில் ஆபரேஷன். ஆசிய விளையாட்டுப் போட்டி கைநழுவியது. 2024 ஆகஸ்ட் 6ல் பாரிஸில் ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தி, அன்றே இறுதிப் போட்டிக்கும் தகுதி பெற்றார். மல்யுத்தம் முழுக்க முழுக்க முட்டியை முறுக்கும் விளையாட்டு. தகுதி நீக்கத்தின் சத்தத்தில் இந்த மீட்சி காணாமல் போனது.

மரின் 2019ல் 8 மாதத்துக்குள்ளாகவே திரும்பிவந்து சீனா ஓபன் பட்டம் வென்றார். அந்த அவசரம்தான் 5 வருடம் கழித்து அதே காலைப் பாதித்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இடையில் பல வருடம் உச்சத்தில் ஆடியிருக்கிறார். ஆனால் ஒருமுறை கிழிந்த முழங்கால், கிழியாத முழங்கால் போல ஆகிவிடுவதில்லை என்பதற்கு அவர் சாட்சி.

பிரபலங்கள் திரும்பும் தேதி செய்தியாகிறது, அதைப் பார்த்து எல்லோரும் தங்களுக்குக் கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு அது முழுநேர வேலை, சம்பளத்தோடு. பொதுவான நிலவரத்தை 2014ல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு காட்டுகிறது. 7,500க்கும் மேற்பட்டவர்களின் தரவுகள் அதில் இருந்தன. ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம் மட்டுமே.

திரும்பாதவர்களில் பலருக்கு நார் நன்றாகவே இருந்தது. தடுத்தது பயம். மறுபடி கிழிந்துவிடுமோ என்ற பயம். இதைக் கூச்சமாக நினைத்து வெளியே சொல்லாதவர்கள் அதிகம், அதுவும் ஆண்கள். விளையாட்டு மருத்துவத்தில் இதை அளக்கவே 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மனது தயாராகாமல் களத்தில் இறங்குபவர் காலை முழுதாக ஊன்ற மாட்டார், எடையை மற்ற காலுக்கு மாற்றுவார். அதுவும் ஆபத்துதான்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா?

இல்லை. ஆனால் 'தேவையில்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

2010ல் ஸ்வீடனில் இருந்து வெளியான ஆய்வில், புதிதாக ஏசிஎல் கிழிந்த 121 இளவயதினரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு குழுவுக்கு முதலில் பிசியோதெரபி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2 வருடம் கழித்து இரண்டு குழுவின் நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது குழுவில் பத்தில் ஆறு பேருக்கு அந்த 2 வருடத்தில் ஏசிஎல் ஆபரேஷனே தேவைப்படவில்லை.

2022ல் பிரிட்டனில் இருந்து வந்தது வேறு மாதிரி. இதில் பங்கேற்ற 316 பேரும் அடிபட்டுக் கொஞ்ச காலம் ஆகியும் முட்டி நழுவுவதாகச் சொன்னவர்கள். இவர்களில் ஆபரேஷன் குழுதான் நன்றாக இருந்தது. பிசியோ குழுவில் இருந்தவர்களில் சுமார் 41 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்கே போனார்கள்.

ஆக, புதுக் காயம் என்றால் அவசரப்படத் தேவையில்லை. முதலில் பிசியோ செய்து பார்க்க நேரம் இருக்கிறது. மெனிஸ்கஸ் சிக்கிக்கொண்டு முட்டியை நீட்டவே முடியாத நிலை போன்றவை விதிவிலக்கு. அன்றாட வேலையிலேயே முட்டி நழுவுகிறது, அல்லது திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஆபரேஷனுக்கான காரணம் வலுவாகிறது. ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் பிசியோதெரபியில் இருந்து மட்டும் தப்பிக்க முடியாது.

மூட்டுத் தேய்மானத்திலும் இதே நிலைதான். ஏசிஎல்லோ மெனிஸ்கஸோ கிழிந்தவர்களில் 10 முதல் 20 வருடத்தில் சராசரியாகப் பாதிப் பேருக்குத் தேய்மானம் வருகிறது என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. 20 வயதில் அடிபட்டவருக்கு 35, 40 வயதிலேயே வயதானவரின் முட்டி. ஆபரேஷன் செய்துகொள்வது இதைத் தடுத்துவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தமிழ்நாட்டில் சிக்கல் எங்கே இருக்கிறது?

நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவாகும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்தில் விழுந்தவரின் தலைக்காயத்தையும் எலும்பு முறிவையும் முதலில் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். முட்டி எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தால் 'ஒண்ணும் இல்ல' என்று வீட்டுக்கு வந்துவிடுவார். எக்ஸ்ரேயில் ஏசிஎல் தெரியாது. டாக்டர் கையால் முட்டியை இழுத்துப் பார்க்கும் பரிசோதனையோ எம்ஆர்ஐயோதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பணம். மருத்துவக் காப்பீட்டில் ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் பல பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன பிறகான செலவுக்கு 60 அல்லது 90 நாள் வரைதான் வரம்பு. மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். 90வது நாள் என்பது நார் பலவீனமான கட்டத்தைத் தாண்டி, ஓட்டமும் தாவலும் பழக ஆரம்பிக்க வேண்டிய நேரம். காப்பீடு நிற்கும் இடத்தில்தான் முழங்காலின் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. பெரும்பாலான குடும்பங்களில் பிசியோவும் அதோடு நின்றுவிடும். தினக்கூலிக்குப் போகிறவருக்குச் செலவு மட்டும் பிரச்சினை இல்லை. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பாதிநாள் சம்பளம் போகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் சேவை இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் முதல் கவனம் படுக்கையில் இருக்கும் நோயாளிகள் மீது. நடமாடும் 22 வயது கபடி வீரருக்கு 7வது மாதத்தில் தாவல் பயிற்சி கொடுப்பது வேறு வகையான தேவை. அதற்கான இடம் பெரும்பாலும் பெரிய ஊர்களின் தனியார் மையங்களில்தான்.

கிராமத்துக் கபடிப் போட்டிகளுக்கு எந்த பிட்னஸ் சான்றிதழும் கேட்பதில்லை. பரிசுக் கோப்பை, ஊர்ப் பெருமை, அணியில் ஆள் குறைவு. 'வலி இல்லல்ல, வாடா' என்றால் 5வது மாதத்திலேயே ரெய்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பிடியில் இருந்து உருவிக்கொண்டு திரும்பும் அந்த ஒரு முறுக்கலைத் தடுப்பதுதான் ஏசிஎல்லின் மொத்த வேலையே.

விளையாடாதவர்களுக்கும் இலக்கு தேவை. அவர்களிடம் 'நடக்க முடிகிறதா' என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். நம்ம வாழ்க்கையில் முழங்காலின் செயல்பாடு என்றால் இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவது, பந்தியில் சம்மணம் போடுவது, குத்தவைத்து வேலை செய்வது, பைக் சரியும்போது ஒற்றைக் காலில் தாங்குவது. முட்டி ஆழமாக மடங்கும் இந்த வேலைகளுக்குச் சில மாதங்கள் ஆகும், அதுவரை வெஸ்டர்ன் டாய்லெட்டோ உயரமான நாற்காலியோ ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. எங்கிருந்து நார் எடுத்தீர்கள்? 6வது மாதத்திலும் 9வது மாதத்திலும் தொடையின் பலத்தை யார் அளப்பார்கள், எங்கே? மெனிஸ்கஸைத் தைத்தீர்களா, வெட்டி எடுத்தீர்களா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தையல் போட்டிருந்தால் முதல் 4 முதல் 6 வாரம் வரை கால் ஊன்றுவதிலும் முட்டியை மடக்குவதிலும் கூடுதல் கட்டுப்பாடு இருக்கும், ஆழமாகக் குத்தவைக்க இன்னும் பல மாதம் ஆகும். கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டால் ஒரு போன் போட்டாவது கேட்டுவிடலாம்.